பாக்கெட் அளவைத் தானாகக் கண்டறிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிங் போகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை. விபிஎன் போட்டதும் சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சின்னக் கோப்பு போய்விடுகிறது, பெரிய கோப்பு நடுவில் நின்றுவிடுகிறது. இப்படியான புகார்களில் கணிசமானவை பாக்கெட் (தரவை வலையமைப்பில் அனுப்பப் பிரிக்கும் சிறு பொட்டலம்) அளவில் போய் முடியும். சரியான அளவைக் கணினியே கண்டுபிடிக்கும் முறைகள் 1990-லிருந்தே இருக்கின்றன. அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே சறுக்குகின்றன, நாம் எப்போது கை வைக்க வேண்டும் என்பதைக் கேள்வி பதிலாகக் கீழே கொடுத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்கலாம்; தேவையான கேள்விக்கு நேராகவும் போகலாம்.

எம்டியு என்றால் என்ன? பாதை எம்டியு என்றால் என்ன?

ஒரு இணைப்பு ஒரே பாக்கெட்டில் சுமக்கக்கூடிய உச்ச அளவுதான் எம்டியு. ஈதர்நெட்டில் அது 1500 பைட். இந்த 1500-க்குள் ஐபி ஹெடரும் (முகவரி இருக்கும் தலைப்பு) டிசிபி ஹெடரும் (தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் நெறிமுறையின் தலைப்பு) அடக்கம். ஈதர்நெட்டின் சொந்த ஹெடர் அடங்காது.

உங்கள் கணினிக்கும் எதிர்முனைக்கும் நடுவில் பல இணைப்புகள் இருக்கும். அவற்றில் எது மிகக் குறைவாகத் தாங்குமோ, அதன் எம்டியுதான் பாதை எம்டியு. ஒன்பது இணைப்புகள் 9000 பைட் தாங்கினாலும் பத்தாவது 1400 தான் தாங்கும் என்றால், அந்தப் பாதைக்கு விடை 1400. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: போகிற பாதையும் வருகிற பாதையும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. இரண்டு திசைக்கும் விடை வேறாக இருக்கலாம்.

1500 என்ற எண் எங்கிருந்து வந்தது?

1980-இல் வெளியான முதல் ஈதர்நெட் வரையறையிலிருந்து. அப்போது வேகம் நொடிக்கு 10 மெகாபிட். எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. அந்த வேகத்தில் 1500 பைட் போக 1.2 மில்லி நொடி ஆகும். ஒரு கணினி அதற்கு மேல் கம்பியைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது. நினைவகமும் விலை கூடிய பொருளாக இருந்தது. வேகம் ஆயிரம் மடங்கு கூடிய பிறகும் எண் மாறவில்லை. பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டியிருந்ததே காரணம்.

பெரிய பாக்கெட் அனுப்பினால் உண்மையிலேயே வேகம் கூடுமா?

கூடும், ஆனால் எங்கே கூடுகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஹெடர் செலவு. 1500 பைட் பாக்கெட் ஒன்று ஈதர்நெட் கம்பியில் மொத்தம் 1538 பைட் இடத்தைப் பிடிக்கிறது. ஈதர்நெட் ஹெடர், பிழை சரிபார்ப்பு, முன்னோட்ட பிட்டுகள், இரண்டு ஃபிரேம்களுக்கு (ஈதர்நெட் உறையிட்ட பாக்கெட்டுகளுக்கு) இடையிலான இடைவெளி எல்லாம் சேர்ந்து 38 பைட். உள்ளே ஐபி, டிசிபி ஹெடர்களுக்கு 40 பைட் போனால் உண்மையான தரவு 1460. அதாவது ஏறத்தாழ 95 விழுக்காடு. 9000 பைட் பாக்கெட்டில் இது 99 விழுக்காடு. 576 பைட்டுக்கு இறங்கினால் 87. ஆக, 1500-லிருந்து 9000-க்குப் போனால் கம்பியில் கிடைக்கிற லாபம் நாலு விழுக்காடுதான். பெரிதாக ஒன்றுமில்லை.

இரண்டாவது, பாக்கெட் எண்ணிக்கை. நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பை 1500 பைட் பாக்கெட்டுகளால் நிரப்பினால் நொடிக்குச் சுமார் 81,000 பாக்கெட். 9000 பைட் என்றால் 13,800 போதும். ரூட்டருக்கும் ஃபயர்வாலுக்கும் வேலை பைட் கணக்கில் அல்ல, பாக்கெட் கணக்கில்தான் ஏறுகிறது. இந்த லாபம் பெரியது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. 1997-இல் மேட் மேத்திஸும் உடன் மூவரும் வெளியிட்ட கணக்கின்படி, அப்போதைய டிசிபியின் வேகம் ஒரு பாக்கெட்டில் உள்ள தரவின் அளவுக்கு நேர் விகிதம்; போய்வரும் நேரத்துக்கும் பாக்கெட் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கும் எதிர் விகிதம். இழப்பு விகிதம் மாறாமல் பாக்கெட் ஆறு மடங்கு பெரிதானால் வேகமும் ஆறு மடங்கு வரை ஏறலாம். தொலைதூர இணைப்பில் பெரிய கோப்புகளை நகர்த்துபவர்கள் அளவைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது இதனால்தான். பின்னால் வரப்போகும் ஒரு முறையை எழுதியவர்களில் இதே மேத்திஸும் ஒருவர். அது தற்செயல் இல்லை.

அப்படியானால் எப்போதும் பெரியதே சிறந்ததா?

பிழை குறைந்த கம்பியிலும் இழையிலும், ஆம். பிழை மிகுந்த இணைப்பில் இல்லை. ஒரு பிட் கெட்டாலும் முழுப் பாக்கெட்டும் வீண்; பாக்கெட் நீள நீள அடிபடும் வாய்ப்பும் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லட்சம் பிட்டுக்கு ஒன்று கெடும் இணைப்பு என்று வைத்துக்கொள்வோம். 1500 பைட் என்பது 12,000 பிட். அது பழுதில்லாமல் போய்ச்சேரும் வாய்ப்பு 89 விழுக்காடு. 9000 பைட்டுக்கு 49 விழுக்காடு, கிட்டத்தட்ட பாதி. மேலே சொன்ன 78 பைட் ஹெடர் செலவையும் சேர்த்து எந்த அளவில் நிகரத் தரவு அதிகமாகப் போகும் என்று பார்த்தால், சுமார் 950 பைட் தரவு என்று வருகிறது. பிழை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் சிறந்த அளவு 3000 பைட்டைத் தாண்டிவிடும். பத்து மடங்கு கூடினால் 280-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

ஆனால் இதை வைத்து வைஃபைக்கு எம்டியுவைக் குறைக்கக் கிளம்பிவிட வேண்டாம். வைஃபை தன் அடுக்கிலேயே கெட்டதைத் திரும்ப அனுப்புகிறது, சிக்னல் மோசமானால் வேகத்தைக் குறைத்துப் பிழையைக் கட்டுப்படுத்துகிறது. பல பாக்கெட்டுகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும்போதும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சரிபார்ப்பு வைக்கிறது. அதனால் மேலே இருக்கும் ஐபி அடுக்குக்குப் பிட் பிழை பெரும்பாலும் தெரிவதே இல்லை. நடைமுறையில் "சிறந்த அளவு" என்ற கேள்வி "உடையாமல் போகக்கூடிய மிகப் பெரிய அளவு எது" என்ற கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. இனி இந்தப் பக்கம் பேசப்போவது அதைத்தான்.

அளவு மீறிய பாக்கெட் குறுகலான இணைப்பை அடைந்தால் என்ன நடக்கும்?

ஐபியின் பழைய பதிப்பான ஐபிவி4-இல் இரண்டு வழி உண்டு. ஹெடரில் "துண்டாக்காதே" என்ற ஒற்றை பிட் இருக்கிறது. அது 0 என்றால் ரூட்டர் பாக்கெட்டைத் துண்டுகளாக வெட்டி அனுப்பும். கடைசியில் பெறுபவர் சேர்த்துக்கொள்வார். அது 1 என்றால் ரூட்டர் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு ஐசிஎம்பி தகவல் (வலையமைப்பின் பிழை அறிவிப்பு; பிங்கும் இதன் வழியேதான் போகிறது) அனுப்பும்.

புதிய பதிப்பான ஐபிவி6-இல் ரூட்டர்கள் வெட்டுவதே இல்லை. அளவு மீறினால் கீழே போட்டுவிட்டு "பாக்கெட் மிகப் பெரிது" என்ற தகவலை அனுப்பும், அவ்வளவுதான். வெட்ட வேண்டுமானால் அனுப்பும் கணினியே வெட்டிக்கொள்ள வேண்டும்.

துண்டாக்கினால் வேலை முடிந்துவிடுமே, அதில் என்ன குறை?

கிறிஸ்டோபர் கென்ட்டும் ஜெஃப்ரி மொகலும் 1987-லேயே இதை விரிவாக அலசிவிட்டார்கள். ஒரு துண்டு தொலைந்தாலும் மீதித் துண்டுகள் வீண். மொத்தத்தையும் மறுபடி அனுப்ப வேண்டும். எந்த நிரலுக்கான தரவு என்று சொல்லும் போர்ட் எண் முதல் துண்டில் மட்டுமே இருப்பதால் மற்றத் துண்டுகளை என்ன செய்வதென்று ஃபயர்வாலுக்குத் தெரியாது. பல ஃபயர்வால்கள் கீழே போட்டுவிடும். துண்டுகளை அடையாளம் காணும் எண் 16 பிட் மட்டுமே என்பதால், வேகமான இணைப்பில் எண் சீக்கிரமே சுற்றி வந்து, ஒரு பாக்கெட்டின் துண்டு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

பெயர்த் தீர்வு (டிஎன்எஸ்) சர்வர்கள் யுடிபியில் (ஒப்புதல் கேட்காமல் அனுப்பும் நெறிமுறை) 1232 பைட்டுக்கு மேல் பதில் அனுப்புவதைத் தவிர்க்க வேண்டும் என்று 2020-இல் பரிந்துரைக்கப்பட்டதும் இதே காரணத்துக்காகத்தான். ஐபிவி6-இன் குறைந்தபட்ச எம்டியுவான 1280-இலிருந்து 40 பைட் ஐபி ஹெடரையும் 8 பைட் யுடிபி ஹெடரையும் கழித்தால் 1232 வரும்.

தானாகக் கண்டறியும் பழைய முறை எது?

பாதை எம்டியு கண்டறிதல். ஜெஃப்ரி மொகலும் ஸ்டீவ் டீரிங்கும் எழுதி, 1990 நவம்பரில் ஆர்எஃப்சி 1191 ஆக வந்தது (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவண வரிசை). ஐபிவி6-க்கு 1996-இல் ஒன்று வந்தது. அதற்குப் பதிலாக 2017-இல் ஆர்எஃப்சி 8201 வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. அனுப்புபவர் தன் இணைப்பின் எம்டியு அளவுக்கே, துண்டாக்காதே பிட்டுடன் பாக்கெட் அனுப்புவார். வழியில் தாங்காத ரூட்டர் அதைக் கீழே போட்டு, "எனக்கு அடுத்த இணைப்பின் எம்டியு 1400" என்பதுபோல ஐசிஎம்பி தகவல் அனுப்பும். அனுப்புபவர் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு மறுபடி அனுப்புவார். இன்னும் குறுகலான ஒன்று முன்னால் இருந்தால் இன்னொரு தகவல் வரும். சில சுற்றுகளில் விடை கிடைத்துவிடும்.

ஐசிஎம்பியில் அந்த எண்ணுக்கான இடத்தையே ஆர்எஃப்சி 1191 தான் ஏற்படுத்தியது. எண் சொல்லாத பழைய ரூட்டர்களைச் சமாளிக்க, வழக்கத்தில் இருந்த அளவுகளின் அட்டவணை ஒன்றும் அதில் உண்டு: 17914, 8166, 4352, 2002, 1492, 1006 என்று இறங்கிக்கொண்டே போகும். இன்று அதில் பாதி அளவுகளுக்கான வலையமைப்புகளே இல்லை. ஆனால் "கண்டபடி தேடாதே, வாய்ப்புள்ள எண்களை முதலில் சோதி" என்ற யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது.

நன்றாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் தோற்கிறது?

முழு முறையும் வழியில் உள்ள முன்பின் தெரியாத ரூட்டர் அனுப்பும் ஒரு தகவலை நம்பி நிற்கிறது. அந்தத் தகவல் வராமல் போகப் பல வழிகள் உண்டு.

ஃபயர்வாலில் யாரோ ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்திருப்பார்கள். ரூட்டர் தனிப்பட்ட முகவரியிலிருந்து தகவலை அனுப்பியிருக்கும். வெளியே உள்ள வடிகட்டி அதைத் தூக்கி எறிந்திருக்கும். சுமை பகிரும் கருவிக்குப் பின்னால் பத்து சர்வர்கள் இருந்தால், ஐசிஎம்பியை அனுப்பியவர் நடுவழி ரூட்டர் என்பதால், அது சம்பந்தமில்லாத சர்வருக்குப் போய்ச்சேரும். இன்னொன்று இருக்கிறது, அதுதான் கண்டுபிடிக்க மிகவும் கடினம்: குறுகலான கருவி ரூட்டராக இல்லாமல் சுவிட்சாக (ஒரே வலையமைப்பின் கருவிகளை இணைக்கும் பெட்டி) இருப்பது. சுவிட்ச் அளவு மீறிய ஃபிரேமைச் சத்தமில்லாமல் கீழே போடும். அதற்கு ஐசிஎம்பி அனுப்பவே தெரியாது.

இப்படிப் பாக்கெட் தொலைந்து தகவலும் வராத பாதையைத்தான் கருந்துளை என்கிறார்கள். இதன் அறிகுறிகளை 2000-இல் ஆர்எஃப்சி 2923 தொகுத்துச் சொன்னது. டிசிபி இணைப்பு உருவாகும். அந்தப் பாக்கெட்டுகள் சின்னவை. அப்புறம் முதல் பெரிய பாக்கெட் வரும்போது எல்லாம் உறைந்துவிடும். பாதுகாப்பான தளங்களில் முன்பெல்லாம் சர்வர் சான்றிதழ் அனுப்பும் இடத்தில் மாட்டும். குவாண்டம் கணினியைத் தாங்கும் புதிய சாவிப் பரிமாற்றம் வந்த பிறகு உலாவியின் முதல் வணக்கமே ஒரு பாக்கெட்டில் அடங்குவதில்லை. சாவிப் பங்கு மட்டுமே 1216 பைட். அதனால் இப்போது இன்னும் ஒரு படி முன்னாலேயே மாட்டிக்கொள்கிறது.

பாதுகாப்புக்காகத்தானே ஐசிஎம்பியை அடைக்கிறோம்?

பிங்கை அடைப்பது உங்கள் விருப்பம். ஐபிவி4-இல் வகை 3, குறி 4 கொண்ட தகவலையும், ஐபிவி6-இல் வகை 2 தகவலையும் அடைப்பது வேறு விஷயம். அது உங்கள் பயனர்களின் இணைப்பை நீங்களே உடைப்பது. ஐபிவி6-இல் ரூட்டர் வெட்டாது என்பதால் பாதிப்பு நேரடி.

பயத்துக்கு ஓரளவு அடிப்படை இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். "உன் பாதை எம்டியு 68" என்று போலித் தகவல் அனுப்பி ஒருவரின் பாக்கெட்டுகளைச் சுக்குநூறாக்க முடியும். ஆனால் இதற்கான மருந்து அடைப்பது அல்ல, சரிபார்ப்பது. ஐசிஎம்பி தகவலுக்குள் மூலப் பாக்கெட்டின் தொடக்கம் இருக்கும்; அதிலுள்ள டிசிபி வரிசை எண் நாம் உண்மையில் அனுப்பியதா என்று பார்க்கலாம். லினக்ஸ் இயல்பாக 552-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. ஐபிவி6-இல் 1280-க்குக் கீழே யார் சொன்னாலும் ஏற்கத் தேவையில்லை.

ஐசிஎம்பியே இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். மேட் மேத்திஸும் ஜான் ஹெஃப்னரும் 2007 மார்ச்சில் எழுதிய ஆர்எஃப்சி 4821 இதற்காகத்தான். ரூட்டரின் வாய்மொழியை எதிர்பார்க்காமல், போய்ச்சேர்ந்த பாக்கெட்டை மட்டுமே சாட்சியாக எடுத்துக்கொள்வது இதன் கொள்கை.

நிச்சயம் போகும் என்று தெரிந்த சிறிய அளவில் தொடங்க வேண்டும். சாதாரணத் தரவு ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரே ஒரு பாக்கெட்டைப் பெரிதாக்கி அனுப்ப வேண்டும். ஒப்புதல் வந்தால் பாதை அந்த அளவைத் தாங்குகிறது, அடிப்படையை உயர்த்திக்கொள்ளலாம். வரவில்லை என்றால் அதே தரவைச் சின்னப் பாக்கெட்டுகளில் மறுபடி அனுப்பிவிட்டு, அந்த அளவை மேல் எல்லையாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. டிசிபிக்குப் பாக்கெட் இழப்பு என்றால் நெரிசல் என்று அர்த்தம். உடனே வேகத்தைக் குறைக்கும். சோதனைப் பாக்கெட் தொலைவதோ எதிர்பார்த்த ஒன்று. அதனால் சோதனைப் பாக்கெட் மட்டும் தனியாகத் தொலைந்தால் அதை நெரிசலாகக் கொள்ளக் கூடாது. சுற்றியுள்ள சாதாரணப் பாக்கெட்டுகளும் சேர்ந்து தொலைந்தால் அது நெரிசல், அந்தச் சோதனையின் முடிவு செல்லாது. இந்த வேறுபாட்டைப் பிடிக்காமல் வெறுமனே "பெரிதாக அனுப்பிப் பார்" என்று எழுதிய நிரல் கண்டறியும் ஒவ்வொரு முறையும் இணைப்பை மந்தமாக்கும்.

தேடல் எப்படி நடக்கும்? ஒவ்வொரு பைட்டாகவா?

இல்லை. லினக்ஸ் இருபாதித் தேடல் செய்கிறது: தெரிந்த கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் சோதிப்பது, முடிவைப் பொறுத்து ஒரு பாதியைக் கைவிடுவது. இடைவெளி 8 பைட்டுக்குள் வந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்கிறது. 1200-க்கும் 1500-க்கும் இடையே என்றால் ஆறு சோதனை போதும். 9000 வரை என்றால் பத்து.

ஆனால் இருபாதித் தேடல் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. வெற்றியும் தோல்வியும் ஒரே விலை இல்லை. வெற்றி பெறும் சோதனை ஒரு போய்வரும் நேரத்தில் முடிந்துவிடும்; அதில் போன தரவும் பயனுள்ளதே. தோற்கும் சோதனைக்குக் காத்திருக்க வேண்டும், தற்செயலாகத் தொலைந்ததா என்று உறுதிப்படுத்த இரண்டு மூன்று முறை முயல வேண்டும், தரவையும் திரும்ப அனுப்ப வேண்டும். அதனால் நடுவில் தேடுவதைவிட, வாய்ப்புள்ள எண்களை முதலில் முயல்வது என் பார்வையில் மேல். முதலில் 1500. அது போனால் பெரும்பாலான பாதைகளுக்குத் தேடலே முடிந்தது. போகாவிட்டால் 1492, 1480, 1420 என்று டனல் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் விபிஎன் போன்றவை) அளவுகள். எல்லாம் தோற்றால் மட்டும் இருபாதி.

யுடிபிக்கு என்ன வழி?

யுடிபியில் ஒப்புதல் என்பதே இல்லை. எனவே மேலே இருக்கும் நெறிமுறைதான் பொறுப்பேற்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று 2020 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 8899 சொல்கிறது. அடிப்படை அளவு 1200 பைட். ஒவ்வோர் அளவுக்கும் அதிகபட்சம் மூன்று முயற்சி. முடிவு கண்ட பிறகும் பத்து நிமிடம் கழித்து உயர்த்த முடிகிறதா என்று மறுபடி ஒரு பார்வை.

யுடிபி மேல் ஓடும், உலாவிகள் பயன்படுத்தும் க்விக் நெறிமுறை இதை நன்றாகப் பயன்படுத்துகிறது. 2021 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9000-இன்படி, இணைப்பைத் தொடங்கும் யுடிபி பாக்கெட்டுகளை 1200 பைட்டுக்குக் குறையாமல் நிரப்பித்தான் அனுப்ப வேண்டும். 1200 கூடத் தாங்காத பாதையில் க்விக் உருவாகாது. உலாவி டிசிபிக்குத் திரும்பிக்கொள்ளும். ஓட்டைப் பாதையை முதல் அடியிலேயே வெளிக்கொண்டு வந்துவிடுகிற இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

லினக்ஸில் இதை எப்படி இயக்குவது?

ஐசிஎம்பியை நம்பும் பழைய முறை தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது கண்ட விடையைப் பத்து நிமிடம் நினைவில் வைத்திருக்கும்.

புதிய முறைக்குக் கர்னலில் டிசிபி எம்டியு ப்ரோபிங் என்ற அமைப்பு இருக்கிறது. 0 என்றால் அணைந்திருக்கும், இதுதான் இயல்பு. 1 என்றால் கருந்துளை இருப்பதாகச் சந்தேகம் வந்தால் மட்டும் இயங்கும். 2 என்றால் எல்லா இணைப்புகளிலும் எப்போதும். தொடக்கம் 1024 பைட்டிலிருந்து. பொதுவான சர்வருக்கு 1 வைப்பது நல்லது. நல்ல பாதையில் எந்தச் செலவும் இல்லை. கெட்ட பாதையில் பயனர் சில நொடி காத்திருந்தாலும் பக்கம் கடைசியில் திறந்துவிடும். 2 வைத்தால் நல்ல பாதைகளும் சிறிய அளவில் தொடங்க வேண்டியிருக்கும். அதுவும் இணைப்பில் போதிய தரவு ஓடினால்தான் சோதனைப் பாக்கெட் கிளம்பும். சின்னச் சின்ன வேண்டுகோள்களுக்கு அது மேலே ஏறவே வாய்ப்பிருக்காது.

எம்எஸ்எஸ் க்ளாம்பிங் என்கிறார்களே, அது என்ன?

டிசிபி இணைப்பு தொடங்கும்போது ஒவ்வொரு முனையும் "ஒரு பாக்கெட்டில் இவ்வளவு தரவுதான் நான் வாங்குவேன்" என்று ஓர் எண் சொல்லும். அதுதான் எம்எஸ்எஸ். 1500 எம்டியுவுக்கு ஐபிவி4-இல் 1460, ஐபிவி6-இல் 1440. நடுவில் இருக்கும் ரூட்டர் இந்த எண்ணைத் தன் குறுகலான இணைப்புக்கு ஏற்பக் குறைத்து எழுதிவிடுவதே க்ளாம்பிங். இரு முனையும் சின்னப் பாக்கெட்டாகவே அனுப்பும்; பிரச்சினையே எழாது.

தூய்மையாகப் பார்த்தால் அடுத்தவர் கடிதத்தைத் திருத்துகிற வேலைதான். ஆனால் டனல் ரூட்டரில் இதைப் போட்டவர்களுக்குப் புகார் வருவது நின்றுவிடுகிறது. யுடிபிக்கு இது எந்த உதவியும் செய்யாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இணையப் போக்குவரத்தில் க்விக் பெருகப் பெருக, க்ளாம்பிங்கை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து.

விபிஎன்னுக்கு என்ன எம்டியு வைக்க வேண்டும்?

டனல் உங்கள் பாக்கெட்டைச் சுற்றி ஓர் உறை போடுகிறது; ஒவ்வொரு உறைக்கும் ஒரு விலை உண்டு. கழித்துக்கொண்டே போக வேண்டியதுதான். பிபிபிஓஇ (சில வீட்டு இணைய இணைப்புகளின் முறை) 8 பைட் எடுக்கும், 1500 என்பது 1492 ஆகும். ஜிஆர்இ டனல் 24 எடுக்கும், 1476. விஎக்ஸ்லான் 50, எனவே 1450. வயர்கார்ட் விபிஎன் வெளியே ஐபிவி4 என்றால் 60, ஐபிவி6 என்றால் 80. இரண்டுக்கும் பொருந்தட்டும் என்றுதான் இயல்பாக 1420 வைத்திருக்கிறார்கள். ஐபிசெக் சைஃபரையும் முறையையும் பொறுத்து மாறும்.

பிபிபிஓஇ மேல் வயர்கார்ட் ஓடினால் 1492-இலிருந்து 80 கழித்து 1412. வயர்கார்ட் 1420-இலேயே விடப்பட்டு, வெளியே ஐபிவி6 ஆக இருந்தால் அந்த 8 பைட்தான் நாள் முழுக்கத் தலைவலி கொடுக்கும். டனலின் எம்டியுவைக் கையால் சரியாக வைப்பதற்கு ஈடான தானியங்கி முறை எதுவும் இல்லை. உறை எவ்வளவு என்று தெரிந்திருக்கும்போது தேடுவானேன்?

கையால் அளந்து பார்ப்பது எப்படி?

துண்டாக்காதே என்று சொல்லி, அளவைக் குறிப்பிட்டுப் பிங் அனுப்ப வேண்டும். விண்டோஸில் சின்ன எஃப் (-f) துண்டாக்குவதைத் தடுக்கும், சின்ன எல் (-l) அளவைச் சொல்லும். லினக்ஸில் பெரிய எம்முடன் டூ என்ற மதிப்பும் (-M do), அளவுக்குச் சின்ன எஸ்ஸும் (-s). மேக்கில் பெரிய டியும் (-D) சின்ன எஸ்ஸும் (-s).

நீங்கள் கொடுக்கும் அளவில் ஹெடர் சேராது. ஐபி 20, ஐசிஎம்பி 8 என மொத்தம் 28 பைட் மேலே வரும். எனவே 1500-ஐச் சோதிக்க 1472 கொடுக்க வேண்டும்; ஐபிவி6 என்றால் 1452. 1472 போய் 1473 போகவில்லை என்றால் பாதை எம்டியு 1500. லினக்ஸில் ட்ரேஸ்பாத் கட்டளை எந்த ரூட்டரில் அளவு குறைகிறது என்றே காட்டிவிடும், ஐசிஎம்பி வந்தால். பிங் ஒரு திசையில் மட்டும் அளப்பதாக நினைக்கக் கூடாது. பதிலும் அதே அளவில் திரும்புவதால், அது வழியில் துண்டாக்கப்படாவிட்டால் இரண்டில் குறுகலானதே தெரியும்.

ஜம்போ ஃபிரேம் போடலாமா?

1500-ஐத் தாண்டிய, வழக்கமாக 9000 பைட் ஃபிரேம்தான் ஜம்போ. சேமிப்பகம், காப்புப் பிரதி, சர்வர்களுக்கு இடையிலான தனி வலையமைப்பு ஆகியவற்றில் போடலாம். வீட்டில் தேவையில்லை, இணையத்துக்குள் போகும்போது எப்படியும் 1500 தான். 9000 என்பது ஈதர்நெட்டின் 802.3 தரத்தில் இல்லாத, பழக்கத்தால் நிலைத்த எண். ஒரே சுவிட்ச் வட்டத்தில் உள்ள எல்லாக் கருவிகளும் ஒரே எம்டியுவில் இருந்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் மேலே சொன்ன சுவிட்ச் கருந்துளைதான். சில கருவிகள் ஹெடரையும் சேர்த்து எண்ணும், சில சேர்க்காது. அதனால் சுவிட்சில் 9216 போன்ற தாராளமான எண்ணை வைத்துவிட்டு, கணினிகளில் 9000 வைப்பது வழக்கம்.

வயர்ஷார்க்கில் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் நிரல்) 60,000 பைட் பாக்கெட் தெரிகிறது. எம்டியு வேலை செய்யவில்லையா?

செய்கிறது. கணினி பெரிய கட்டியாக நெட்வொர்க் கார்டிடம் கொடுக்கிறது, கார்டுதான் 1500-ஆக நறுக்குகிறது. நீங்கள் பார்ப்பது நறுக்குவதற்கு முந்தைய நிலை. ஜம்போ தருகிற சிபியு லாபத்தில் பெரும்பகுதியை இந்த ஏற்பாடே தந்துவிடுகிறது.

எம்டியுவைக் குறைத்தால் கேமில் பிங் குறையுமா?

குறையாது. கேம் பாக்கெட்டுகள் ஏற்கெனவே சின்னவை; எம்டியு என்பது உச்சவரம்பு, அவற்றைத் தொடவே தொடாது. பதிவேற்ற வேகம் நொடிக்கு 1 மெகாபிட்டாக இருந்த காலத்தில் ஒரு 1500 பைட் பாக்கெட் முன்னால் நின்றால் 12 மில்லி நொடி காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. 100 மெகாபிட்டில் அது 0.12 மில்லி நொடி. யாராவது பதிவேற்றும்போது தாமதம் ஏறுகிறது என்றால் குற்றவாளி ரூட்டரில் நீளும் வரிசை. அதற்கு ரூட்டரில் வரிசை மேலாண்மை வேண்டும்.

எம்டியுவைத் தானாகச் சரிசெய்து வேகம் கூட்டும் மென்பொருள் வாங்கலாமா?

பெரும்பாலும் அவை செய்வது மேலே சொன்ன பிங் சோதனைதான். ஓர் இலக்கை வைத்து அளந்து, வந்த எண்ணைக் கணினியில் நிரந்தரமாக எழுதிவிடும். நாளை வேறு வைஃபைக்குப் போனாலும் அதே எண் ஒட்டிக்கொண்டிருக்கும். பாதை எம்டியு ஒவ்வோர் இலக்குக்கும் வேறு. ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போடுவது கண்டறிதல் ஆகாது.

இணைப்பு ஓடும்போதே பாதை மாறினால்?

குறுகலான பாதைக்கு மாறினால் உடனே தெரியும்: ஐசிஎம்பி வரும், அல்லது பாக்கெட்டுகள் தொலையத் தொடங்கி, சோதனை முறை அடிப்படை அளவுக்கு இறங்கி மறுபடி ஏறும். அகலமான பாதைக்கு மாறினால் யாரும் வந்து சொல்லமாட்டார்கள். அதனால்தான் பத்து நிமிடக் கடிகாரம். அடிக்கடி உயர்த்திப் பார்த்தால் தோற்கும் சோதனைகளில் தரவு வீணாகும் என்பதால், குறைந்தது ஐந்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 1191 சொல்கிறது. இதைச் சுருக்க முயல வேண்டாம். பத்து நிமிடம் 1500-க்குப் பதில் 1400-இல் ஓடினால் ஹெடர் செலவில் இழப்பு அரை விழுக்காட்டுக்கும் குறைவுதான்.